2600 சுற்றில் வெப்ப அலாரம்: ஹீட் எக்ஸ்சேஞ்சரை மாற்றத்தான் வேண்டுமா?

சுக்கான் | மார்ச் 4, இரவு 9.12

34 அடி ஃபைபர் பாய்ப்படகு, மலேசியாவின் லங்காவியில் நிற்கிறது. எஞ்சின் யான்மார் 3ஜிஎம்30எஃப், நன்னீர்க் குளிரூட்டல் வகை. நிமிடத்துக்கு 2000 சுற்று வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. 2600-க்கு ஏற்றினால் கால் மணி நேரத்தில் அலாரம் கத்துகிறது, குறைத்தால் அடங்கிவிடுகிறது. புது தெர்மோஸ்டாட் (சூடேறினால் திறக்கும் வால்வு) போட்டாயிற்று, ஒரு மாற்றமும் இல்லை. எஞ்சினுக்குள் சுற்றும் நன்னீரின் சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரையே மெக்கானிக் மாற்றச் சொல்கிறார். விலை கேட்டதும் தலை சுற்றியது. மாற்றத்தான் வேண்டுமா? நானே பார்க்கக்கூடியது என்னென்ன?

உப்புத்துரு | மார்ச் 4, இரவு 10.40

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். தெர்மோஸ்டாட்டைக் கூட மாற்றியிருக்க வேண்டாம். நன்னீர் வகையில் அது 71 டிகிரியில் திறக்கும், அலாரம் 95-இல் அடிக்கும். திறக்காமல் சிக்கிக்கொண்டிருந்தால் 1500 சுற்றிலும் சூடேறியிருக்கும். குறைந்த சுற்றில் நன்றாக இருந்து, ஏற்றும்போது மட்டும் சூடாகிறது என்றால் கடல்நீர் வருகிறது, ஆனால் போதவில்லை. அல்லது எஞ்சின் மேல் சுமை அதிகம். மூன்றாவது காரணம் அபூர்வம்.

தண்ணீர் போகிற வழியிலேயே போய்ப் பாருங்கள். அடித்துளை, சீகாக் (அந்தத் துளையை மூடும் வால்வு), ஸ்ட்ரெய்னர் (குப்பை தடுக்கும் வடிகட்டி), பம்ப், எக்ஸ்சேஞ்சர், சைஃபன் வளைவு (கடல் தானாக உள்ளே வழியாமல் தடுப்பது), எல்போ (எக்ஸாஸ்ட் வாயுவோடு நீர் கலக்கும் வளைவு), பின் வெளியே. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நடுவில் இருப்பதை முதலில் கழற்றுகிறவர்கள்தான் நல்ல பாகத்துக்குக் காசு கொடுக்கிறார்கள்.

முதல் வேலைக்கு வாளி போதும். படகைக் கட்டிவைத்து, டிங்கியில் (சிறு துணைப்படகு) பின்பக்கம் போய், 1500 சுற்றில் ஒரு நிமிடம் எக்ஸாஸ்ட் நீரைப் பிடித்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நீர் விட்டு விட்டுத்தான் துப்பும், ஒரு நிமிடம் முழுதும் பிடித்தால்தான் கணக்கு வரும். பிறகு சீகாக்கை மூடி, அதன் ஹோஸைக் கழற்றி, நீர் நிறைந்த பெரிய வாளிக்குள் விட்டு மறுபடி ஓட்டுங்கள். இன்னொருவர் வாளியை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே வரும் அளவு கூடினால் அடைப்பு சீகாக்கிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறது. கூடாவிட்டால் உள்ளே.

நங்கூரம் | மார்ச் 5, காலை 7.05

அதற்கும் முன்னால் ப்ரொப்பெல்லர். கியரில் போட்டு முழு த்ராட்டில் கொடுத்தால் எத்தனை சுற்று வருகிறது? அந்த எஞ்சினின் உச்சம் 3600. சுத்தமான அடி, சரியான ப்ரொப்பெல்லர் என்றால் அதன் பக்கத்திலாவது வர வேண்டும். 2900-இலேயே நின்று கறும்புகை விட்டால் எஞ்சின் இழுக்க முடியாமல் இழுக்கிறது, சூடு அதனால்தான். மலாக்கா நீரிணையில் கடல்நீரே 30 டிகிரி. ஐரோப்பியக் குளிர்கடலில் தாக்குப்பிடிக்கும் பாதி அடைத்த எக்ஸ்சேஞ்சர் இங்கே தாங்காது. சிப்பியும் இங்கே வேகமாக ஏறும், சும்மா கட்டிக்கிடக்கும் படகில் இன்னும் வேகம்.

சுக்கான் | மார்ச் 7, மாலை 6.30

அக்கா சொன்னது சரி. முழு த்ராட்டிலில் 2900, பின்னால் கறுப்பாகப் புகை. முக்குளிப்பவரை இறக்கி ப்ரொப்பெல்லரையும் ஷாஃப்டையும் சுரண்டியதும் 3350 வருகிறது. அலாரம் இப்போது தாமதமாக அடிக்கிறது, ஆனால் அடிக்கிறது. வாளிச் சோதனையில் வித்தியாசம் இல்லை, எனவே அடைப்பு உள்ளே. இன்னொன்று: ஸ்ட்ரெய்னரின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் குமிழி ஓடுகிறது.

உப்புத்துரு | மார்ச் 7, இரவு 8.15

குமிழி என்றால் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கிறது. ஸ்ட்ரெய்னர் மூடியின் ஓ-ரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் வெளியே சொட்டாது, உள்ளே இழுக்கும். அதனால் சோப்பு நீர் தடவிக் குமிழி தேடுவது வீண். ஷேவிங் நுரையை மூட்டு மேல் வையுங்கள். எந்த இடத்தில் நுரை உள்ளே போகிறதோ அங்கேதான் ஓட்டை. ஓ-ரிங் புதிதாகப் போட்டு சிலிக்கன் கிரீஸ் லேசாகத் தடவி, மூடியைக் கையால் மட்டும் இறுக்குங்கள். ஸ்பானர் போட்டால் மூடி வெடிக்கும்.

ஸ்ட்ரெய்னருக்கும் பம்புக்கும் நடுவே உள்ள ஹோஸை அழுத்திப் பாருங்கள். உள்ளே கம்பிச்சுருள் இல்லாத ஹோஸ் என்றால் வேகம் கூடும்போது உறிஞ்சலில் சப்பையாகிவிடும். நிறுத்தியதும் பழைய வடிவத்துக்கு வந்துவிடும் என்பதால் ஓடும்போது பார்த்தால்தான் தெரியும்.

உப்புத்துரு | மார்ச் 7, இரவு 9.50

பம்புக்குள் சுழலும் ரப்பர் இதழ்ச் சக்கரமான இம்பெல்லரைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. இந்த எஞ்சினில் பம்ப் மூடி பல படகுகளில் பின்பக்கம் பார்த்து இருக்கும், ஸ்க்ரூ கண்ணுக்கே தெரியாது. தடவித் தடவிக் கழற்றினால் ஒரு ஸ்க்ரூவாவது பில்ஜுக்குள் (படகின் அடிக்குழி) போகும். பெல்ட்டைத் தளர்த்தி, பம்பைத் தாங்கும் போல்ட்டுகளைக் கழற்றி, பம்பையே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து திறப்பது சுலபம். சீகாக்கை மூடிவிட்டுச் செய்யுங்கள். மூடிய சீகாக்கை மறந்து யாரும் சாவியைத் திருப்பாமல் இருக்க, சாவியைக் கழற்றி சீகாக் பிடியிலேயே மாட்டி வைக்கிற பழக்கம் நல்லது.

வெளியே எடுத்ததும் இதழ்களை எண்ணுங்கள். ஒரு இதழ் குறைந்தாலும் அது எங்கேயோ இருக்கிறது, கரைந்து போகாது. பெரும்பாலும் எக்ஸ்சேஞ்சரின் நுழைவாயிலில் குறுக்கே படுத்திருக்கும். முழுதாக இருந்தாலும் இதழை வளைத்து அடிப்பாகத்தைப் பாருங்கள், முதல் விரிசல் அங்கேதான் விழும். முனை தேய்ந்து தட்டையாகியிருந்தாலும் மாற்ற வேண்டும். வருடத்துக்கு ஒன்று கணக்கு. ஓடாமல் கிடந்த படகாக இருந்தாலும் அதே கணக்குதான், ஒரே நிலையில் மடங்கிக் கிடந்த இதழ் நிமிராது.

கடல்நீர்ப் பம்புக்கு நியோப்ரீன் வாங்குங்கள். நைட்ரில் எண்ணெய், டீசல் பம்புகளுக்கு. மாட்டும்போது கிளிசரினோ பாத்திரம் கழுவும் சோப்போ தடவுங்கள், பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை ஊதவைக்கும். சுழலும் திசைக்கு இதழ்களைச் சாய்த்து நுழையுங்கள். தப்பாகச் சாய்ந்தாலும் ஸ்டார்ட் ஆனதும் தானே திரும்பிக்கொள்ளும், அதற்காக மறுபடி கழற்ற வேண்டாம்.

மூடித் தகட்டின் உள்முகத்தில் வட்ட வட்டமாகக் கோடு விழுந்திருந்தால் பம்ப் பலவீனம். பின்பக்கம் எழுத்தில்லாமல் சமமாக இருந்தால் திருப்பிப் போட்டுவிடலாம். இல்லையென்றால் கண்ணாடிப் பலகை மேல் 400 நம்பர் உப்புத்தாளை நனைத்து விரித்து, எட்டு வடிவில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். கேஸ்கட்டை பம்ப் கிட்டில் வந்த கனத்திலேயே போடுங்கள். கடையில் தடித்த காகிதம் வாங்கி வெட்டிப் போட்டால் இம்பெல்லருக்கும் தகட்டுக்கும் இடைவெளி கூடி, பம்ப் நீரை ஏற்றத் திணறும்.

நங்கூரம் | மார்ச் 8, காலை 6.45

பம்பைக் கையில் எடுத்ததும் அடியில் உள்ள சிறு துளையையும் பாருங்கள். இரண்டு சீலுக்கும் நடுவே அது. அங்கிருந்து உப்புநீர் சொட்டினால் நீர்ப்பக்கச் சீல் போயிற்று. அந்தச் சொட்டு தொந்தரவாக இருக்கிறதென்று துளையை அடைத்துவிடாதீர்கள், அப்படி அடைத்த பம்பில் உப்புநீர் நேராக பேரிங்குக்குப் போகும்.

சுக்கான் | மார்ச் 10, இரவு 7.20

ஓ-ரிங் மாற்றியதும் குமிழி நின்றது. இம்பெல்லரில் இரண்டு இதழ் இல்லை. எக்ஸ்சேஞ்சர் மூடியைத் திறந்தால் அண்ணே சொன்ன இடத்திலேயே இரண்டும் கிடந்தன. கூடவே மூன்றாவதாக ஒன்று, அது யாருடைய காலத்து இம்பெல்லரோ தெரியவில்லை. குழாய்களில் பாதிக்கு மேல் வெள்ளைப் படிவு. ஆசிட் ஊற்றலாமா? கடையில் கழிவறை ஆசிட் இருக்கிறது.

உப்புத்துரு | மார்ச் 10, இரவு 8.05

முன்னால் இருந்தவர் இதழ் தேடாமல் இம்பெல்லரை மட்டும் மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

கழிவறை ஆசிட் ஹைட்ரோகுளோரிக். வேலை செய்யும், நீங்கள் பார்க்காதபோது மற்ற வேலையும் செய்யும். சிட்ரிக் ஆசிட் பொடி வாங்குங்கள், பேக்கரிச் சாமான் கடையில் கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு 100 கிராம். குழாய்க்கட்டை வெளியே உருவ முடிந்தால் உருவித் தனியாக பிளாஸ்டிக் தொட்டியில் ஊறப்போடுங்கள். கூடு அலுமினியமாக இருந்தால் ஆசிட் அதை அரிக்கும், ஆகவே கூட்டோடு சேர்த்து ஊறவைக்க வேண்டாம். நுரை அடங்கும் வரை விடுங்கள், ஒரு மணி, இரண்டு மணி நேரம். நுரை நின்றும் படிவு இருந்தால் புதுக் கரைசல். ராத்திரி முழுக்க ஊறப்போடும் சோம்பேறித்தனம் வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய மூங்கில் குச்சி விட்டுத் தள்ளுங்கள். சத்தே குச்சி சரியான கனம். இரும்புக்கம்பி விட்டால் குழாயின் உட்சுவரில் கீறல் விழும், அரிப்பு அந்தக் கீறலில் ஆரம்பிக்கும். கடைசியில் ஆப்பசோடா கரைத்த நீரில் அலசி, நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

நங்கூரம் | மார்ச் 10, இரவு 9.30

ஊறப்போடும் முன் சிங்க் குச்சி (மற்ற உலோகத்துக்குப் பதில் தான் அரிபடும் துத்தநாகத் துண்டு) இருந்தால் கழற்றிவிடுங்கள், ஆசிட் முதலில் அதைத்தான் தின்னும், படிவுக்கு மிச்சம் இருக்காது. எல்லா எக்ஸ்சேஞ்சரிலும் சிங்க் இருக்காது, கையேட்டைப் பாருங்கள். இருந்தால் பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். திருகில் டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள், உலோகத்தோடு தொடர்பு விட்டால் சிங்க் இருந்தும் இல்லாத கணக்கு. பழைய சிங்க் உடைந்து விழுந்த துண்டுகளையும் மூடிக்குள் இருந்து பொறுக்குங்கள், அவையும் குழாய் வாயை அடைக்கும்.

மூடுமுன் அழுத்தச் சோதனை. குழாய்க்கட்டை மாட்டி ஓ-ரிங் எல்லாம் புதிதாகப் போட்டு, ஒரு பக்கத்தை அடைத்து, மறுபக்கம் சைக்கிள் பம்பால் ஒரு பார் அளவு காற்று கொடுத்துப் பாருங்கள். பத்து நிமிடம் முள் இறங்காமல் நின்றால் ஓட்டை இல்லை. படிவு போனதும் அது மூடிவைத்திருந்த ஓட்டை தெரியவருவது உண்டு. அப்போது மெக்கானிக் சொன்னதுதான் சரியாகிவிடும்!

உப்புத்துரு | மார்ச் 11, மதியம் 1.15

ஓட்டையான எக்ஸ்சேஞ்சருக்கு இன்னொரு அடையாளம்: கூலன்ட் (எஞ்சினுக்குள் சுற்றும் நன்னீர்க் கலவை) குறைந்துகொண்டே போகும், பில்ஜில் ஒரு சொட்டும் இருக்காது. எக்ஸாஸ்ட் வழியாகக் கடலுக்குப் போகிறது. உப்பு கலந்திருக்கிறதா என்று நாக்கில் தொட்டுப் பார்க்கிற பெரியவர்கள் உண்டு. வேண்டாம், எத்திலீன் கிளைக்கால் விஷம்.

சுக்கான் | மார்ச் 14, இரவு 9.00

அழுத்தம் நின்றது, ஓட்டை இல்லை. எல்லாம் மாட்டி ஓட்டினேன். வாளி அளவு கூடியிருக்கிறது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. 2600-இல் அலாரம் இல்லை, 3000-இல் மறுபடி சூடேறுகிறது.

உப்புத்துரு | மார்ச் 14, இரவு 10.25

இனி மிச்சம் எல்போதான். எக்ஸாஸ்ட் வாயுவும் கடல்நீரும் கலக்கும் வளைவு அது, வார்ப்பிரும்பு. கரியும் உப்பும் சேர்ந்து உள்ளே கல்லாக இறுகும். நீர் புகும் சிறு வாய் முதலில் அடையும், பிறகு வாயு போகும் வழி குறுகும். சுற்று ஏற்றினால் சூடாவதும் கறும்புகையும் இரண்டுமே இங்கிருந்தும் வரலாம். நீங்கள் ப்ரொப்பெல்லரைச் சுத்தம் செய்தும் 3600 வராமல் 3350-இல் நின்றதை நான் அன்றே பிடித்திருக்கலாம், எல்போ ஞாபகத்துக்கு வரவில்லை.

ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். துளை மூன்றில் ஒரு பங்கு சுருங்கியிருந்தால் எல்போ வெளியே வர வேண்டும். பழைய திருகு சும்மா வராது. ஊடுருவும் எண்ணெய் அடித்து ஒரு நாள் விட்டு, சூடு காட்டி, பெரிய பைப் ஸ்பானர். எஞ்சின் மேல் வைத்து அடிக்காதீர்கள், வார்ப்பு மேனிஃபோல்டு (எக்ஸாஸ்ட் வாயு சேரும் குழல்) விரிசல் விட்டால் செலவு வேறு கணக்காகிவிடும். முடிந்தால் மொத்தமாகக் கழற்றி மேசைப் பிடியில் வைத்துப் பிரியுங்கள்.

கரியை உளியால் கொத்தி, மிச்சத்தை ஆசிட்டில் கரைக்கலாம். ஆனால் வெளிச்சுவரைச் சுத்தியால் தட்டிக் கேளுங்கள். கணீர் என்றால் இன்னும் ஓடும். மொத்தென்று கேட்டால், அல்லது திருகு ஓரத்தில் துருக்கண்ணீர் வடிந்திருந்தால், புதிது வாங்குங்கள். ஏனென்றால் எல்போவின் உட்சுவர் ஓட்டையானால் கடல்நீர் சிலிண்டருக்குள் இறங்கும். ஸ்டெயின்லெஸ் எல்போ நீண்டநாள் வரும் என்று விற்பார்கள். வெல்டு நல்லதாக இருந்தால் வரும், வெல்டு ஓரத்தில்தான் அது வெடிக்கும். வார்ப்பு எல்போவே இருக்கட்டும், வருடத்துக்கு ஒரு தடவை ஹோஸைக் கழற்றிப் பார்ப்பவருக்கு அது போதும்.

மாட்டும்போது திருகில், இறுகிப்போகாமல் தடுக்கும் உயர்வெப்ப ஆன்டி-சீஸ் பூசுங்கள். அடுத்த முறை கழற்றுபவர் நீங்களேதான்.

நங்கூரம் | மார்ச் 15, காலை 7.30

எல்போவரை வந்துவிட்டால் சைஃபன் வளைவையும் பார்த்துவிடுங்கள். நீர் எல்போவுக்குள் புகும் இடம் நீர்மட்டத்துக்குக் கீழேயோ, மேலே 15 செ.மீ.க்குள்ளோ இருந்தால் உச்சியில் காற்று வால்வு உள்ள வளைவு கட்டாயம். அந்தச் சின்ன வால்வில் உப்பு படிந்து ஒட்டிக்கொள்ளும். மூடியபடி ஒட்டினால், எஞ்சின் நின்ற பிறகு கடல் தானாக உள்ளே வழிந்து வாட்டர்லாக் (எக்ஸாஸ்ட் நீர் தேங்கும் பெட்டி) நிரம்பி சிலிண்டருக்குப் போகும். வெந்நீரில் கழுவினால் போதும், விலையே இல்லாத வேலை.

இன்னொரு கண்டிப்பு: எஞ்சின் உடனே பிடிக்காமல் நீண்ட நேரம் க்ராங்க் செய்தால் (ஸ்டார்ட்டரால் சுற்றினால்) சீகாக்கை மூடிவிட்டுச் செய்யுங்கள். க்ராங்கில் பம்ப் நீரை அனுப்பும், அதை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் காற்று இருக்காது. பிடித்த நொடியில் சீகாக்கைத் திறக்க ஓராளை நிறுத்துங்கள்.

சுக்கான் | மார்ச் 19, மாலை 5.40

எல்போ நீர் வாயில் பென்சில் நுழையும் அளவுதான் துளை மிச்சம் இருந்தது. தட்டினால் மொத்தென்று கேட்டது, புதிது போட்டாயிற்று. இப்போது 3550 வருகிறது. 3000-இல் ஒரு மணி நேரம் ஓட்டியும் அலாரம் இல்லை. எக்ஸ்சேஞ்சர் பழையதே. லேசர் வெப்பமானி வாங்கினேன், எல்போவுக்குப் பின்னால் ஹோஸ் 48 காட்டுகிறது. அது சரிதானா?

உப்புத்துரு | மார்ச் 19, இரவு 7.10

சரி. ஹோஸ் மேல் கை வைத்து எடுக்காமல் இருக்க முடிந்தால் போதும். பளபளக்கும் உலோகத்தில் அந்தக் கருவி குறைத்துக் காட்டும், கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி அதன் மேல் குறிவையுங்கள். எக்ஸ்சேஞ்சருக்குள் போகும் இடம், வரும் இடம், தெர்மோஸ்டாட் கூடு, எல்போ ஹோஸ், நாலு இடத்திலும் டேப் ஒட்டி, 2000, 2600, 3000-இல் அளந்து எழுதி எஞ்சின் அறைக் கதவில் ஒட்டுங்கள். வாளி அளவையும் சேர்த்து. கையேட்டு எண்ணை விட உங்கள் படகு நன்றாக இருந்த நாளின் எண்தான் அடுத்த முறை உதவும்.

சுக்கான் | மார்ச் 22, இரவு 8.50

வேறு விஷயம், இங்கேயே கேட்டுவிடுகிறேன். சர்வீஸ் பேட்டரியை (விளக்கு முதலான படகுத் தேவைகளுக்கானது) லித்தியமாக மாற்றலாமென்று பார்க்கிறேன், 200 ஆம்பியர்-மணி. எஞ்சினில் இருப்பது 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டர். நேராக இணைக்கலாமா?

நங்கூரம் | மார்ச் 23, காலை 6.55

நேராக இணைத்தால் ஆல்டர்னேட்டர் வெந்துபோகும். லெட் பேட்டரி நிரம்ப நிரம்ப மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், லித்தியம் கடைசிவரை அதே பசியோடு இழுக்கும். 55 ஆம்பியர் என்று எழுதியிருப்பது சிறிது நேரத்துக்கு, மணிக்கணக்கில் அல்ல. அதிலும் குறைந்த சுற்றில் அதன் விசிறி மெதுவாகச் சுற்றும், இழுப்பு குறையாது. இதைவிட மோசம், லித்தியம் பேட்டரியின் பாதுகாப்பு மின்சுற்று சட்டென்று துண்டித்தால் ஆல்டர்னேட்டர் டயோடுகள் அதே நொடியில் போகும்.

எளிய வழி: ஸ்டார்ட் பேட்டரி லெட் ஆகவே இருக்கட்டும், ஆல்டர்னேட்டர் அதற்கே போகட்டும். அதிலிருந்து 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்கு. லித்தியம் துண்டித்தாலும் ஆல்டர்னேட்டருக்கு லெட் பேட்டரி துணை இருக்கும். சார்ஜரின் இரண்டு பக்கமும் பேட்டரிக்கு அருகிலேயே ஃப்யூஸ். அந்த சார்ஜரும் சூடாகும், எஞ்சின் அறைக்குள் மாட்டாதீர்கள்.

பெல்ட்டையும் பாருங்கள். புல்லிக்குக் கீழே கறுப்புத்தூள் படிந்திருந்தால் பெல்ட் வழுக்குகிறது, அதே பெல்ட் நன்னீர்ப் பம்பையும் சுற்றுகிறது என்பதை மறக்க வேண்டாம்.

உப்புத்துரு | மார்ச் 23, இரவு 9.20

கரையேற்றும் எண்ணம் இருந்தால் சீகாக்குகளையும் தட்டிப் பாருங்கள். மஞ்சள் பித்தளையா வெண்கலமா என்று கத்தி முனையால் சுரண்டினால் தெரியும். சுரண்டிய இடம் ரோஜா நிறத்தில் இருந்தால் பித்தளையில் இருந்த துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிச்சம், ஸ்பானர் போட்டால் கையோடு வரும். படகு தண்ணீரில் நிற்கும்போது அதைச் சோதிக்காதீர்கள். ஐஎஸ்ஓ 9093 என்ற சர்வதேசத் தரம் ஐந்து வருடம் தாங்கினாலே அரிப்பெதிர்ப்பு உள்ளது என்று ஏற்றுக்கொண்டது, அதனால் புதிதாக வந்த படகிலும் பித்தளை இருக்கும்.

மாற்றும்போது திருகு வகையைக் கவனியுங்கள். இங்கே கடையில் கிடைப்பது பிரிட்டிஷ் திருகு. அமெரிக்கப் படகின் அடித்துளை அமெரிக்கத் திருகு. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 புரி என்பதால் இரண்டு மூன்று சுற்று நன்றாக ஏறும், ஏமாறாதீர்கள். கோணம் வேறு, ஒன்று 55 டிகிரி, மற்றது 60. ஒரு அங்குலத்தில் ஏமாற வாய்ப்பு குறைவு, 11 புரியும் பதினொன்றரையும் ஆரம்பத்திலேயே சிக்கும்.

சுக்கான் | மார்ச் 24, காலை 8.10

டீசலிலிருந்து நீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் கிண்ணத்தில் கறுப்பாகக் கசடு சேர்கிறது. அதுவும் சூட்டுக்குச் சம்பந்தமா?

உப்புத்துரு | மார்ச் 24, மதியம் 12.40

இல்லை, அது டீசல் கதை. மலேசியாவில் 20 சதவீதம் பாமாயில் பயோடீசல் கலந்த பி20 டீசல் 2020-இல் முதலில் லங்காவியில்தான் வந்தது. பயோடீசல் நீரை அதிகம் பிடித்துவைக்கும், டாங்கிச் சுவரில் வருடக்கணக்காக ஒட்டியிருந்த பழைய அழுக்கையும் கரைத்து இறக்கும். நீரும் டீசலும் சேரும் கோட்டில் பூஞ்சை வளரும், கறுப்புக் கசடு அதுதான். டாங்கியை நிரப்பியே வையுங்கள், காலியிடத்தில்தான் ஈரம் வியர்க்கும். ராகோர் வடிகட்டியில் (கிண்ணம் உள்ள முதல் வடிகட்டி) 2 மைக்ரான் போட்டிருந்தால் எடுத்துவிட்டு 10 அல்லது 30 போடுங்கள், நுண்வடிகட்டல் எஞ்சின் மேல் இருக்கும் இரண்டாவது வடிகட்டியின் வேலை. கொஞ்சநாள் மாற்று வடிகட்டி மூன்று நான்கு கையிருப்பில் இருக்கட்டும். பழைய ரப்பர் டீசல் ஹோஸ் இருந்தால் கிள்ளிப் பாருங்கள், பிசுபிசுப்பாகவோ உப்பியோ இருந்தால் பயோடீசல் தாங்கும் ஹோஸாக மாற்றி, இரண்டு முனையிலும் கிளிப்பைப் புதிதாகப் போடுங்கள்.